சேர்க்கைப் பதிவேட்டில் தொடங்கிய கூடுகை: செட்டிநாட்டுக் கிராமப் பள்ளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பழைய மாணவர்கள் கூடுவதற்கு நம் பக்கத்தில் ஒரு வழக்கமான வடிவம் வந்துவிட்டது. ஒரே வருடம் பத்தாவது முடித்தவர்கள் வாட்ஸ்அப்பில் குழு தொடங்குகிறார்கள். காரைக்குடியில் ஒரு மண்டபம் பிடிக்கிறார்கள். ஒரே நிறத்தில் சட்டை, சேலை, பழைய ஆசிரியர்களுக்குச் சால்வை, மதியம் விருந்து, குரூப் போட்டோ. மகிழ்ச்சியான நாள்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே வருகிறவர்களின் பட்டியல் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஒருவர் தனக்குத் தெரிந்தவரைச் சேர்க்கிறார், அவர் தனக்குத் தெரிந்தவரைச் சேர்க்கிறார். படித்து வெளியூர் போனவர்களின் வட்டம்தான் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஐந்தாவதோடு நின்றவர், பெரிய மனுஷியானதும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டவர், ஊரிலேயே கொத்து வேலைக்குப் போனவர் ஆகியோரின் எண் அந்த வட்டத்தில் யாருடைய போனிலும் இருக்காது. பள்ளியின் நினைவை அதிகம் வைத்திருப்பவர்களோ இவர்கள்தான். தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்கள்.

இங்கே சொல்லப்போகும் பள்ளியில் ஆரம்பமே வேறாக இருந்தது. தலைமை ஆசிரியர் அறையில் இருந்த சேர்க்கைப் பதிவேட்டை முதலில் திறந்தோம். அந்த ஒரு முடிவால் எவ்வளவு மாறியது என்பதை எழுதி வைப்பது மற்ற ஊர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன். நானும் அங்கே எட்டாவது வரை படித்தவன், இந்த வேலையைச் செய்த குழுவில் ஒருவன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. அதற்கான காரணம் போகப் போகத் தெரியும்.

இடிக்கச் சொன்ன கட்டடம்

பள்ளி காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே உள்ள ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஒரு நகரத்தார் குடும்பத்தின் தர்மமாகத் தொடங்கி, முதலில் வீட்டு முகப்புத் திண்ணையில் நடந்து, பிறகு ஊருணிக் கரையில் நாட்டு ஓடு வேய்ந்த நீளமான கட்டடத்துக்குப் போனது. 1960-களின் தொடக்கத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தபோது ஒன்றியத்தின் பொறுப்பில் சேர்ந்தது. இன்று நடுநிலைப் பள்ளி. பிள்ளைகள் குறைவு.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பழைய பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, உறுதியில்லாதவற்றை இடிக்கச் சொன்னார்கள். எங்கள் ஓட்டுக் கட்டடமும் அந்தப் பட்டியலில் வந்தது. பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், மறுபேச்சுக்கு இடமில்லை. ஆனால் செய்தி சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் போன வேகத்தில், அந்தக் கட்டடத்தில் படித்தவர்களிடமிருந்து போன் மேல் போன் வர ஆரம்பித்தது. கூடுகைக்கு வித்திட்டது அதுதான்.

முதலில் வந்த யோசனை இந்த ஊர்ப்பக்கத்துக்கே உரியது: எல்லாரும் பணம் போட்டுப் புதுக் கட்டடம் கட்டிக் கொடுத்துவிடலாம். இங்கே கொடை என்றால் மனதில் எழுவது பெரிய கட்டடம். கானாடுகாத்தானிலிருந்து போன அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமே கண்டார். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்தப் பெருமையில் வளர்ந்தவர்களுக்கு வேறு மாதிரி தோன்றாது. ஆனால் கட்டடம் கட்ட ஒன்றியம் இருக்கிறது, அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. இடிந்தபின் யாராலும் மறுபடி கட்ட முடியாதது அங்கே படித்தவர்களின் நினைவு. பணத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஆட்களைத் தேடுவோம் என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னார். அவர் சொல் நின்றது.

பதிவேடு சொன்னதும் சொல்லாததும்

அரசுப் பள்ளிகளில் வருகைப் பதிவேடு சில வருடங்களில் கழிக்கப்பட்டுவிடும். சேர்க்கைப் பதிவேடு அப்படியல்ல, நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது. பெயர், தகப்பனார் அல்லது காப்பாளர் பெயர், பிறந்த தேதி, சாதி, தகப்பனார் தொழில், முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, நீங்கிய காரணம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. எங்கள் பள்ளியின் பழைய ஏடுகளில் ராமபாணப் பூச்சி விளையாடியிருந்தது, சில பக்கங்கள் ஓரத்தில் பொடிந்தன. ஆனாலும் படிக்க முடிந்தது.

தலைமை ஆசிரியரின் அனுமதியோடு, அவர் அறையிலேயே, பெயரையும் காப்பாளர் பெயரையும் சேர்ந்த, நீங்கிய வருடத்தையும் மட்டும் கையால் எழுதி எடுத்தோம். போனில் படம் எடுக்கவே கூடாது என்று முடிவு செய்திருந்தோம். ஒரு பக்கம் படமாகிக் குழுக்களில் சுற்ற ஆரம்பித்தால், எழுபது வருடத்துக்கு முன் யாருடைய தகப்பனார் என்ன தொழில் செய்தார், என்ன சாதி என்று ஊர் முழுக்கப் பேசும். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் எதில் தளர்ந்தாலும் இதில் தளரக் கூடாது.

ஏட்டைப் புரட்டும்போதே ஊரின் சரித்திரம் தெரிந்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்கடுத்த கல்வியாண்டில் சேர்ந்த பிள்ளைகள் சிலருக்கு முன்பு படித்த பள்ளி என்ற இடத்தில் பர்மா ஊர்களின் பெயர்கள். 1960-களின் நடுவில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி இந்தியர்கள் திரும்பியபோது அதே மாதிரி மறுபடியும் ஒரு கூட்டம். நீங்கிய காரணத்தில் ‘வெளியூர் சென்றார்’, ‘தொடர் வருகையின்மை’ இரண்டும்தான் அதிகம். பெண் பிள்ளைகளுக்கு அந்த இடம் பெரும்பாலும் காலி. பிறந்த தேதியை நம்பியும் பயனில்லை. ஐந்து வயது நிறைந்ததாகக் காட்ட வாத்தியாரே ஒரு தேதி போட்டுவிடும் பழக்கம் இருந்ததால், ஒரே வகுப்பில் பாதிப் பேர் ஒரே மாதத்தில் பிறந்திருந்தார்கள்.

பெயரை வைத்து ஆளைத் தேடுவதில்தான் செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் வந்தது. நகரத்தார் வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். அதனால் ஏடு முழுக்க அதே மெய்யப்பன், அதே லட்சுமணன், அதே சிகப்பி. ஆளைப் பிரித்துக் காட்டுவது பெயருக்கு முன்னால் வரும் விலாசம், அதாவது குடும்பத்து முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். அந்த இரண்டு மூன்று எழுத்தை வைத்து எந்த வீடு, எந்தப் பங்காளி என்று சொல்ல ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் சுவீகாரம் போனவர்களுக்கு அந்த விலாசமே மாறிவிடும். பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பிள்ளை கூட்டிக்கொண்டு போனால் தகப்பனார் பெயர் மாறும், ஊர் மாறும், பல சமயம் பையனின் பெயரும் மாறும். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசனே சுவீகாரம் போன வீட்டில் நாராயணன் ஆனவர்தான். எங்கள் ஏட்டில் ஏழாவதில் காணாமல் போன ஒரு பையனை நாங்கள் வெகுகாலம் தேடினோம். கடைசியில் பார்த்தால் அவர் வேறு பெயரில், பக்கத்து ஊரிலேயே, எல்லாருக்கும் தெரிந்த பெரியவராக இருந்தார். எங்கள் பள்ளியில் படித்தார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் கடிதம் போட்டுப் பிரயோஜனமில்லை. ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளிகள் இருப்பார்கள், ஒருவரும் ஊரில் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் எல்லார் போன் நம்பரும் இருக்கும். ஓடு உடைந்தால், கரையான் ஏறினால், சுற்றுலாக்காரர்கள் பார்க்கக் கேட்டால் அவர்தானே பேசுகிறார். எங்கள் தேடலில் மிக அதிகம் உதவியவர்கள் இப்படி வீட்டைக் காக்கிறவர்கள்தான். அவர்களில் சிலர் எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் என்பது ஏட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இத்தனை வருடம் அடுத்தவர் வீட்டுச் சாவியை வைத்திருந்த அவர்களை யாரும் ஒரு கூடுகைக்குக் கூப்பிட்டதில்லை.

பெண்களைத் தேடக் குழுவில் இருந்த இரண்டு பெண்கள் வேறு வழி பிடித்தார்கள். புருஷன் பெயரை வைத்துத் தேடாமல், எந்த வீட்டுப் பெண் என்று பிறந்த வீட்டு வழியில் போனார்கள். நகரத்தார் வீட்டுப் பெண்களான ஆச்சிமார்களுக்குப் பிறந்த வீட்டோடு சீர், செய்முறை என்று கடைசி வரை தொடர்பு இருப்பதால் அண்ணன் தம்பி வழியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. மற்ற சமூகங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் உதவின. பக்கத்துக் கிராமங்களில் வாக்கப்பட்டவர்களை அந்தக் குழுக்களின் பெண்கள் மிகச் சீக்கிரம் தேடித் தந்தார்கள்.

எப்போது கூடுவது

இதில் நிறைய விவாதம் நடந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு டிசம்பர் வசதி, லீவு கிடைக்கும். ஊரில் இருப்பவர்களுக்கு டிசம்பர் ஆகாது. வடகிழக்குப் பருவமழைக் காலம், வயலில் பயிர் நிற்கும், கண்மாயைப் பார்க்க வேண்டும். மே மாதம் என்றால் வெயிலில் எண்பது வயதுக்காரர்களை உட்கார வைக்க முடியாது. அப்போதுதான் ஒருவர் கேட்டார்: சரி, இந்த ஊருக்கு எல்லாரும் தானாக எப்போது வருகிறார்கள்?

நகரத்தார் பிள்ளையார் நோன்புக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருகிறார்கள். நாட்டார்களும் மற்றவர்களும் பொங்கலுக்கு, அய்யனாருக்கு மண் குதிரை கொண்டுபோகும் புரவி எடுப்புக்கு, மஞ்சுவிரட்டுக்கு வருகிறார்கள். இரண்டு நாள்காட்டியும் சேரும் இடம் பொங்கல் வாரம். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறவர்கள் எப்படியும் ஊரில் இருப்பார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்க்க வருகிற உறவுக் கூட்டமும் இருக்கும். அறுப்பும் பெரும்பாலும் முடிந்திருக்கும். மஞ்சுவிரட்டு முடிந்த பிறகு ஒரு நாளை வைத்தோம். டிசம்பருக்காக டிக்கெட் பார்த்து வைத்திருந்த சிலருக்கு வருத்தம்தான். சிலர் வரவும் இல்லை. ஆனால் ஊர் வந்தது, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

என்ன கேட்டோம், என்ன கிடைத்தது

கூடுகைக்கு முந்தைய மாதங்களில், வர முடியாத வயதில் இருந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். போனிலேயே குரலைப் பதிவு செய்தோம். பள்ளி நினைவுகளைச் சொல்லுங்கள் என்று கேட்டால் யாருக்கும் எதுவும் வராது. பொற்காலம் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் காபி குடிக்கச் சொல்வார்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு எந்தப் பாதையில் நடந்தீர்கள், சிலேட்டை எதை வைத்து அழித்தீர்கள், மதியம் என்ன சாப்பிட்டீர்கள், தண்ணீர் எங்கே குடித்தீர்கள் என்று கேட்டால் மடை திறந்த மாதிரி வரும்.

கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டில் தேய்த்ததைச் சொன்னார்கள். மணிக்குப் பதில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைச் சொன்னார்கள். சாப்பாட்டை வைத்தே ஒருவர் எந்தக் காலத்தில் படித்தார் என்று கணிக்க முடிந்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு தொடங்குவதற்கு முன் படித்தவர்களுக்கு வீட்டுத் தூக்குச்சட்டி அல்லது பட்டினி. 1960-களில் படித்தவர்களுக்கு கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உதவியில் வந்த பால்பவுடர். 1982-க்குப் பிறகு எம்.ஜி.ஆரின் சத்துணவு. 1958-இல் தொடங்கி, அன்றைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் காலத்தில், ஊர்க்காரர்கள் பெஞ்சும் பானையும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்ததை ஒரு பெரியவர் நினைவு வைத்திருந்தார். அவர் வீட்டிலிருந்து போனது ஒரு பித்தளைக் குடம். பணக்கார வீடுகளிலிருந்து மட்டும் இந்தப் பள்ளி வளரவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்தது. அதற்கு முன் படித்தவர்களிடம் இருந்தது வேறொரு கணக்கு: கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி. வட்டிக் கடைக்குப் போகவிருந்த பிள்ளைகளுக்கு இது உயிர் மூச்சு. எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் இந்தப் பின்னங்களின் கீழ்வாய் இலக்க வாய்ப்பாடு முழுவதையும் ராகத்தோடு சொன்னார். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. இப்போது படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவர் சொன்னதைப் பின்னமாக்கிக் கணக்குப் போட்டுச் சரிபார்த்தார்கள். கூடுகை நாளில் நடந்த எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வகுப்புதான். மேடை இல்லை, மைக் இல்லை. பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்குத் திரும்ப வந்து தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வகுப்புக் குரூப் போட்டோக்கள் நிறைய வீடுகளில் இருந்தன. பாதுகாப்பதாக நினைத்து லேமினேட் செய்து வைத்திருந்தவர்கள் பலர். பழைய படத்துக்கு அது கெடுதல், பிறகு பிரிக்கவே முடியாது. நாங்கள் படங்களை வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டு வளவில் (உள்முற்றத்தில்), நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் இல்லாமல் நகல் எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்தோம். பிறகு நகலின் மேல் டிரேசிங் தாளை வைத்து ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் போட்டு, வெவ்வேறு ஆட்களிடம் தனித்தனியாகக் காட்டினோம். மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால்தான் அதை எழுதினோம். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால், குரல் உயர்ந்தவர் சொல்வதே பெயராகிவிடும்.

இதெல்லாம் வெறும் காகிதம்தானே என்று கேட்டவர்களிடம் கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொன்னோம். பக்கத்து ஊர்க்காரர். நூல்களோடு நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் கூடச் சேர்த்து வைத்தவர். அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது, அதை வைத்துத்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

கசந்த நினைவுகள்

பதிவேட்டிலிருந்து தொடங்கினால், கூப்பிட வேண்டியவர்களில் பள்ளியை அன்போடு நினைக்காதவர்களும் வருவார்கள். வாட்ஸ்அப் வழியில் போனால் இவர்களைச் சந்திக்கவே மாட்டோம். காலனியிலிருந்து வந்து படித்த ஒருவர், பானையைத் தொட விடாமல் கையில் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னார். கடைசி வரிசைக்கும் பின்னால் தனியாக உட்கார்ந்ததைச் சொன்னார். யார் ஊற்றினார், யார் உட்காரச் சொன்னார் என்பதும் அவருக்கு நினைவில் இருந்தது. கூடுகைக்கு வர மாட்டேன், ஆனால் நான் சொன்னதை அப்படியே வைத்திருங்கள் என்றார்.

குழுவில் இதற்கு எதிர்ப்பு வந்தது. இறந்துபோன ஆசிரியரைப் பற்றிய பேச்சு எதற்கு, சந்தோஷமான நாளில் இது வேண்டுமா என்றார்கள். பதிவை நீக்குவதாக இருந்தால் நாங்கள் விலகுகிறோம் என்று அந்த ஓய்வுபெற்ற ஆசிரியையும் இன்னும் சிலரும் சொன்னோம். பள்ளியின் நினைவு என்றால் அங்கே படித்த எல்லாருடைய நினைவும்தான். ஆசிரியர் பெயரை மட்டும் வெளியே சொல்வதில்லை என்ற நிபந்தனையோடு பதிவு அப்படியே இருக்கிறது. இந்த எழுத்தில் ஊர்ப் பெயர் இல்லாததற்கும் இதுதான் காரணம். வர மாட்டேன் என்று சொன்னவரின் பேத்தி கூடுகைக்கு வந்து, பதிவு இருப்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு போனார்.

பணம்

பணத்தைப் பற்றிய ஏற்பாடு எளிமையாக இருந்தது. விருந்துக்கும் பந்தலுக்கும் தலைக்கு ஒரே தொகை, சிறிய தொகை. மெல்பர்னிலிருந்து வந்தவருக்கும் சித்தாள் வேலை பார்ப்பவருக்கும் அதே. நகரத்தார் தங்கள் கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் புள்ளி வரி கொடுத்துப் பழகியவர்கள், மற்றவர்கள் ஊர்த் திருவிழாவுக்கு அதே மாதிரி தலைக்கட்டு வரி கொடுத்துப் பழகியவர்கள். அதனால் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மொத்தச் செலவையும் நானே ஏற்கிறேன் என்று சொன்னவரிடம் அன்போடு மறுத்துவிட்டோம். ஒருவர் பணத்தில் சாப்பிட்டால் மற்ற எல்லாரும் விருந்தாளி ஆகிவிடுவார்கள்.

பள்ளிக்குக் கொடுக்க விரும்பியவர்கள், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாகக் கொடுத்தார்கள். எந்தப் பழைய மாணவரின் கணக்கிலும் பணம் போகவில்லை. என்ன தேவை என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு எழுதிக் கொடுத்தது. 2024-இல் இந்தக் குழுக்களை மறுசீரமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்தது எங்களுக்கு நல்ல வசதியாகிவிட்டது. எங்கள் பள்ளியில் அந்த இடத்துக்கு வந்தவர், மேலே சொன்ன வீட்டுக் காவல்காரர்களில் ஒருவர். பள்ளிக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

இப்போது இருக்கும் நிலை

ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை. பதிவுகளும் பட நகல்களும் மூன்று இடங்களில் இருக்கின்றன: பள்ளிக் கணினியில் ஒன்று, ஆசிரியை வீட்டில் ஒரு வன்வட்டில், சென்னையில் இருக்கும் ஒரு பழைய மாணவரிடம் ஒன்று. தனித்தனிக் காலத்துக்குத் தனித்தனி வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஊரில் குடியிருக்கும் ஒருவர் பொறுப்பு. போன் பயன்படுத்தாதவர்களுக்குச் செய்தியை அவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சில காலத்துக் குழுக்களில் அது நன்றாக நடக்கிறது, சிலவற்றில் காலை வணக்கம் மட்டும்தான் நடக்கிறது.

பட்டியலில் இன்னும் நிறையப் பெயர்கள் கிடைக்கவில்லை, அதில் பெண்களே அதிகம். 1950-களின் ஏட்டில் சில பக்கங்கள் முழுதாகப் பொடிந்துவிட்டன. அந்த வருடங்களில் படித்தவர்களிடம் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமோ மாற்றுச் சான்றிதழோ இருக்கிறதா என்று இப்போது கேட்டு வருகிறோம். அதிலுள்ள சேர்க்கை எண்ணை வைத்து அந்தப் பக்கங்களை ஓரளவு மறுபடி எழுத முடியும். அடுத்த பொங்கலுக்குள் அந்த வேலையை முடிக்க வேண்டும் என்று ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே பொறுப்பெடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள்.